சிறையில் எச்.ஐ.வி பரிசோதனை: ஒப்புதல் படிவம் எழுத உதவுங்கள்

வணக்கம். சிறையில் இருப்பவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் சிறு குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். எச்.ஐ.வி பரிசோதனைக்கான நடைமுறையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கட்டாயப் பரிசோதனை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே சொல்லிவிட்டது. வெளியில் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளேயும் கிடைக்க வேண்டும் என்கின்றன, கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். இதில் குழப்பமில்லை.

சிக்கல், ‘மறுத்தால் விட்டுவிடுவோம், மறுக்காவிட்டால் இரத்தம் எடுப்போம்’ என்ற முறையில்தான். தொற்று உள்ள பலரை அது கண்டறிய உதவும், சரி. ஆனால் உள்ளே வந்த முதல் நாளே, பக்கத்தில் காவலர் நிற்கும்போது, எத்தனை பேருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரும்? எனக்கே வராது.

அப்புறம், அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம்; சோதனை வகையைப் பொறுத்து 90 நாள் வரைகூட ஆகும். அதற்குள் வேறு சிறைக்கு மாற்றப்பட்டவரை யார் தேடிப் போவது?

சிறை மருத்துவமனையில் செவிலியராகவோ ஆலோசகராகவோ இருந்தவர்கள் சொல்லுங்கள்: மறுக்கும் உரிமையைப் படிவத்தில் எந்தச் சொற்களில் எழுதினீர்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படி விளக்கினீர்கள்? மாத்திரை வாங்கத் தனி வரிசை வைத்தாலே யாருக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? மாதிரிப் படிவம் இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுங்கள்.