பிரித்து வைத்த முயல் ஜோடி மறுபடி சேர மாட்டேன் என்கிறது, உதவி வேண்டும்

எங்களிடம் இரண்டு முயல்கள். ஆணுக்கு 4 வயது, பெண்ணுக்கு 3. பெண் குட்டியாக இருந்ததிலிருந்தே ஒரே கூண்டு. ஒன்றின் நெற்றியை இன்னொன்று நக்கிக்கொடுத்தபடிதான் படுத்திருக்கும். ஆணுக்கு முன்பே கருத்தடை ஆகிவிட்டது. பெண்ணுக்குக் கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சை செய்ததால், தையல் ஆறும்வரை பிரித்து வைத்தோம். இப்போது இரண்டு மாதம் ஆகப்போகிறது.

சேர்த்து விட்டால் முதலில் மோந்து பார்க்கின்றன. அப்புறம் பெண் காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. ஏறுவது, துரத்துவது எல்லாம் சகஜம், அது தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கப்போவதுபோல் வட்டமடிக்கத் தொடங்கினால் சண்டைதான். போன வாரம் ஆணின் முதுகிலிருந்து கொத்தாக முடி வந்துவிட்டது. நல்லவேளை, தோலில் காயமில்லை.

கூண்டுகளைக் கடி எட்டாத இடைவெளியில் அருகருகே வைத்தாயிற்று. விரிப்பையும் மலத்தட்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இரண்டுமே போயிராத அறையில் கீரை வைத்துச் சில நிமிடம் விட்டுப் பார்த்தோம். கம்பிக்கு இருபுறமும் நிம்மதியாகப் படுத்துக்கொள்கின்றன, கம்பி இல்லாவிட்டால்தான் பிரச்சினை. வலி எதுவும் இல்லை, ஹார்மோன் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்றார் மருத்துவர். அதுவும் கடந்துவிட்டது. காரில் ஏற்றிப் பயமுறுத்திச் சேர்க்கும் முறையில் எனக்கு விருப்பமில்லை. பயத்தில் ஒட்டிக்கொள்வது நட்பாகாது.

சந்திப்பைச் சில வாரம் முழுசாக நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா, நேரத்தைக் குறைத்துக்கொண்டு தினமும் தொடர்வதா? இப்படிப்பட்ட ஜோடியைச் சேர்த்தவர்களுக்கு எது பலித்தது?