பொருள்: கூரையும் பக்கச் சுவரும் உள்ள மரப்பாலத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஒரு சொல் கிடைக்காமல் என் பயணக் கட்டுரை மூன்று நாளாக அப்படியே கிடக்கிறது.

போன வாரம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிழக்கு மூலையில் இருக்கும் எலிசபெத்டனுக்குப் போயிருந்தோம். மலைகளுக்கு நடுவே சிற்றூர். ஊருக்குள்ளேயே டோ ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 1882இல் கட்டிய மரப்பாலம் ஒன்று, ஏறத்தாழ 134 அடி நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் என்றே தோன்றாது. வெள்ளையடித்த தானியக் கிடங்கு ஒன்றைத் தூக்கிவந்து இரு கரைக்கும் நடுவே வைத்ததுபோல் இருக்கும். பக்கவாட்டில் பலகைச் சுவர், மேலே கூரை, இந்தக் கரையில் ஒரு வாய், அந்தக் கரையில் ஒரு வாய்.

உள்ளே கால் வைத்ததும் சத்தம் மாறிவிடுகிறது. வெளியே, சிறு தடுப்பில் வழிந்து விழும் தண்ணீரின் இரைச்சல். உள்ளே அது அமுங்கிப்போய் நம் செருப்புச் சத்தம் மட்டும் பலகையில் டொக் டொக்கென்று கேட்கிறது. ஒரு பையன் சைக்கிளில் போனான். பாலம் முழுக்கத் தடதடத்தது. கார் இப்போது போக முடியாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான்.

கட்டிய கதை எனக்குப் பிடித்திருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் ஒரு மருத்துவர், ஈ. ஈ. ஹன்டர். அவர் அந்தப் பக்கம் ரயில் பாதை வேலையில் இருந்த பொறியாளர் தாமஸ் மேட்சனைப் பிடித்துக் காரியத்தை முடித்திருக்கிறார். பாலத்துக்கு 3,000 டாலர், இரு முனையிலும் ஏறும் வழிக்கு 300 டாலர். 1901 மே மாதப் பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது.

பாலத்தை ஒட்டி ஆற்றங்கரையில் பூங்கா. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை அங்கே உட்கார்ந்து பிரித்தோம். ஆற்று வாத்துகள் கூட்டமாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டன. சாப்பிட்டு முடித்துப் பாலத்துக்குள் இன்னொரு நடை போனபோது அம்மா சொன்னது இது: “என்னடி, கூண்டு வண்டிக்குள்ள உக்காந்த மாதிரியே இருக்கு.”

‘மூடிய பாலம்’ என்று எழுதினால், பழுதுபார்க்க மூடிவிட்டார்கள் என்று வாசகர் நினைப்பார். ‘விதானப்பாலம்’ கல்யாண மண்டபத்தை நினைவூட்டுகிறது. அம்மா வாயில் வந்த கூண்டை எடுத்து ‘கூண்டுப்பாலம்’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

— நாக்ஸ்வில்லிலிருந்து

* * *

சகோதரிக்கு வணக்கம்.

நான் சாலைப் பாலங்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். நான் பார்த்த பாலம் எதற்கும் கூரை கிடையாது. ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது.

பெயர் வைக்கும் முன் அந்தக் கூரை யாருக்காக என்று கேட்க வேண்டும். மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்காக என்று நினைப்போம். தண்ணீரைப் பார்த்துக் குதிரை மிரளாமல் இருக்க என்றும் சொல்வார்கள். பனி விழாமல் இருக்க என்பார்கள். அது இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் சறுக்குவண்டிதான் போக்குவரத்து. பாலத்துக்குள் வெறும் பலகை என்றால் வண்டி இழுபடாது. அதனால் கூலிக்கு ஆள் வைத்து, வெளியே கிடந்த பனியை அள்ளி உள்ளே கொட்டிப் பரப்பினார்கள்!

கூரை உண்மையில் பாலத்துக்காகத்தான். இந்த மாதிரிப் பாலங்களில் பாரத்தைத் தாங்குவது தரைப்பலகை இல்லை. இரண்டு பக்கமும் சுவருக்குள் மறைந்து நிற்கும் மரச்சட்டகங்கள். தரை போனால் நாலு பலகை மாற்றிவிடலாம். சட்டகத்தின் மூட்டுகளில் தண்ணீர் இறங்கி உளுத்துப்போனால் பாலமே போச்சு. திறந்த மரப்பாலம் சில பத்தாண்டில் கதை முடிந்துவிடும். கூரையும் பலகையும் போர்த்தினால் நூறு வருஷம் தாண்டும். பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் திமோதி பால்மர் கட்டி 1805இல் திறக்கப்பட்ட பாலத்துக்குக் கூரை போட்டதும் மரத்தைக் காப்பாற்றத்தான்.

நீங்கள் பார்த்தது ஹாவ் வகைச் சட்டகம். வில்லியம் ஹாவ் 1840இல் காப்புரிமை வாங்கியது. சாய்வாக நிற்கும் மரங்கள் அமுக்கத்தைத் தாங்கும். நேராக நிற்கும் இரும்புக் கம்பிகள் இழுவையைத் தாங்கும். மரம் காய்ந்து சுருங்கினால் கம்பியின் நட்டை முறுக்கினால் போதும், தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டுகிற மாதிரி. அடுத்த முறை போனால் கம்பி எங்கே முடிகிறது என்று பாருங்கள், நட்டு கண்ணில் படும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். வண்டிக்குக் கூண்டு போடுவது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்காக. மாட்டுக்கோ அச்சுக்கோ அதனால் ஒரு லாபமும் இல்லை. இங்கே நேர் எதிர். ஆகவே உங்கள் அம்மா சொன்ன உவமை கண்ணுக்குச் சரி, காரணத்துக்குச் சரியில்லை. என் ஓட்டு ‘கூரைப்பாலம்’.

— திருநெல்வேலி

* * *

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

நான் மென்பொருள் தமிழாக்கக்காரன். எனக்கு இடம் குறுக்கம், பொத்தானில் அடங்க வேண்டும். ‘மூடுபாலம்’ ஏன் கூடாது? தொங்குபாலம் இருக்கிறது, தூக்குப்பாலம் இருக்கிறது, அதே வரிசையில் அழகாக உட்காரும்.

‘மூடுபனி’ என்றால் மற்றதை மூடுகிற பனி, அப்படியானால் மூடுபாலம் ஆற்றையா மூடுகிறது என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மூடுபல்லக்கு என்று பழைய சொல் இருக்கிறது. அங்கே பல்லக்குதான் மூடியிருக்கிறது. இலக்கணம் என் பக்கம்.

— கோவை

* * *

தம்பி, இலக்கணம் உங்கள் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர் அறிவிப்புப் பலகையைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: “இந்த மூடுபாலம் வாகனங்களுக்கு மூடப்பட்டுள்ளது. நடப்பவர்களுக்கு மூடுபாலம் திறந்திருக்கும்.” யார் தலையைச் சொறிய மாட்டார்கள்?

இன்னொரு விஷயம். தொங்குபாலம், தூக்குப்பாலம் மட்டுமா வரிசை? மாத்தூரில் தொட்டிப்பாலம் இருக்கிறதே! 1966இல் கட்டியது, நூறடிக்கு மேல் உயரத்தில் தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகிறது. தூணுக்கு மேலே நீளமான தொட்டி மாதிரி இருந்தது, தொட்டிப்பாலம் என்றார்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் கண் எதைப் பிடிக்கிறதோ அதுதான் பெயராகிறது. கூண்டுப்பாலத்துக்கு அந்த நியாயம் உண்டு.

திருநெல்வேலி ஐயா சொன்ன கூண்டின் காரணம் மட்டும் உறுத்துகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

— நாக்ஸ்வில்

* * *

வணக்கம்.

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கட பக்கம் ஒரு பாலம் இருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பதுளைக்குப் பக்கத்தில், ஹாலி-எல வழியாகப் போனால் போகொட என்ற இடம். ஒரு விகாரையிலிருந்து படி இறங்கிப் போனால் ஓடைக்கு மேலே மரப்பாலம், மேலே ஓட்டுக் கூரை. ஐம்பது அடி நீளம் வரும், அகலம் ஆறு அடி. கண்டிக் காலத்து வேலைப்பாடு. அமெரிக்கப் பாலம் மாதிரிப் பக்கச் சுவர் கிடையாது. செதுக்கிய மரத்தூண்களும் கைபிடிக் கிராதியும்தான். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் காற்று வரும், கீழே தண்ணீர் தெரியும். சின்ன வயதில் அதில் ஓடி விளையாடி ஏச்சு வாங்கியிருக்கிறோம். சிங்களத்திலும் பாலத்துக்குப் ‘பாலம’ என்றுதான் பெயர், அதனால் இரண்டு மொழிக்காரருக்கும் அது ‘போகொட பாலம்’ என்றே ஓடிவிட்டது. வகைப்பெயர் ஒன்று தேவை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, இருந்தது ஒன்றுதானே!

அந்தப் பாலத்தைப் போய்க் கூண்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது கூண்டு இல்லை. கூரை, அவ்வளவுதான்.

சீனாவில் இதே மாதிரியான பாலங்களைக் ‘காற்று மழைப் பாலம்’ என்கிறார்கள். குவாங்சியில் செங்யாங் பாலம் பிரசித்தம், உள்ளே இருக்கைகள் போட்டிருக்கும், ஊர்ச்சனம் உட்கார்ந்து கதைக்கும். வியட்நாமில் ஹுவே பக்கம் இருக்கிற தான் தொவான் பாலத்துக்கு ‘ஓட்டுப்பாலம்’ என்று பெயர். ஒருவருக்குக் காற்றும் மழையும், இன்னொருவருக்கு ஓடு. எல்லாரும் மேலேதான் பார்த்திருக்கிறார்கள்.

— பதுளை

* * *

பதுளை அண்ணா, இந்த மடல் முதலிலேயே வந்திருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். (ஏச்சு வாங்கிய கதையைத் தனி மடலாக எழுதுங்கள்.)

நீங்கள் சொன்னதும் நினைத்துப் பார்த்தேன். சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரத்து மரப்பாலம் பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. அதற்கும் இடுப்பளவுக்குத்தான் பக்கத்தடுப்பு. கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் தீப்பிடித்து அந்த ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அதையும் கூண்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வட அமெரிக்காவில் பெரும்பாலும் முழுச் சுவரோடு அடைத்துக் கட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷுக்கும் வெர்மான்ட்டின் விண்ட்சருக்கும் நடுவே 1866இல் கட்டிய பாலம் அப்படித்தான். கனெக்டிகட் ஆற்றின் மேல் 449 அடி. குதிரையை நடத்திப் போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம் என்று அதன் நெற்றியில் இன்றைக்கும் எழுதியிருக்கிறது.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளலாமா? எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘கூரைப்பாலம்’. அதில், பக்கமும் பலகையடித்து அடைத்த வகைக்குக் ‘கூண்டுப்பாலம்’. எலிசபெத்டன் பாலம் ஒரு கூண்டுப்பாலம். போகொட பாலம் கூண்டில்லாத கூரைப்பாலம்.

— நாக்ஸ்வில்

* * *

சகோதரி,

கூண்டு ஆளுக்கா பாலத்துக்கா என்ற என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஆனால் தொட்டிப்பாலத்தில் தொட்டி என்பதும் கட்டுமானத்தின் பெயர் இல்லை, பார்வையின் பெயர்தான். அங்கே கேட்காத நியாயத்தை இங்கே கேட்பது சரியில்லை. விட்டுவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ரயில் நிலையத்தில் தகரக் கூரை போட்ட நடைமேம்பாலத்தை யாராவது கூரைப்பாலம் என்று எழுதிவிடப் போகிறார்கள். அங்கே கூரை பயணிக்கு. கலைச்சொல் பட்டியலில் விளக்கம் எழுதும்போது ‘பாலத்தின் மரத்தைக் காக்க’ என்ற மூன்று சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

பிக்னிக்குக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘சிற்றுலா’ பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. ஆற்றங்கரையில் கட்டுச்சோறு பிரித்தோம் என்றாலே போதாதா? ஆடிப்பெருக்குக்குத் தாமிரபரணிக் கரையில் நாங்கள் செய்ததெல்லாம் வேறென்ன?

— திருநெல்வேலி

* * *

ஐயா, சேர்த்துவிட்டேன். பட்டியலுக்கு அனுப்பியது இது:

கூரைப்பாலம்: பாலத்தின் மரத்தைக் காக்கக் கூரை வேய்ந்த பாலம். பக்கங்களையும் பலகையால் அடைத்திருந்தால் கூண்டுப்பாலம்.

கோவைத் தம்பிக்காக ‘மூடுபாலம், காண்க: கூரைப்பாலம்’ என்று ஒரு வரியும் போட்டிருக்கிறேன். பொத்தானில் இடம் போதவில்லை என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

கட்டுரையில் பிக்னிக் இல்லை, கட்டுச்சோறுதான். நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூண்டுப்பாலம் வந்த இடத்தில் ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். புளியோதரை வந்த இடத்தில்தான் நிறுத்தி, வாத்துக்குப் போட்டது அரைப் பொட்டலம் என்று எழுதச் சொன்னார்.

— நாக்ஸ்வில்