சின்ன வெங்காயப் பட்டறையின் நடுப்பகுதியில் அழுகல்: காரணமும் மீதியைக் காக்கும் வழியும் தேவை

பொங்கலூர்த் தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் மாவட்டம் பொங்கலூர்ப் பகுதியில் எங்கள் தோட்டம் உள்ளது. வைகாசிப் பட்டத்தில் நட்ட சின்ன வெங்காயத்தை ஆடியில் பிடுங்கினோம். அப்போது விலை மிகவும் தாழ்ந்திருந்ததால், ஒரு பங்கைப் பின்னர் விற்பதற்காகவும், மறு பங்கை ஐப்பசி நடவுக்கு விதைக்காயாகவும் வைத்துக்கொள்ள எண்ணி, தாளோடு (இலையோடு) பட்டறை, அதாவது காயைக் குவித்துக் கீற்றால் மூடிவைக்கும் சேமிப்பு, போட்டிருக்கிறோம்.

பட்டறை கிழக்கு மேற்காக நீண்டது. அகலம் 6 அடி. அடியில் ஒரு வரிசைக் கல் பரப்பி, அதன்மேல் சவுக்குக் கம்புகளை அடுக்கியுள்ளோம். மேற்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைச் சுவர் இருக்கிறது. சாரல் தொடர்ந்து விழுந்ததால், தென்னங்கீற்றின் மேல் தார்பாயைப் போட்டுத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டினோம். இப்போது அருகில் சென்றாலே நாற்றம் வருகிறது. ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்ததில் ஓரத்துக் காய் நன்றாக இருக்க, நடுவில் உள்ள காய் கொழகொழத்துக் கிடக்கிறது. சில காய்களின் மேல்தோலில் கரித்தூள் போன்ற கறுப்பு படிந்துள்ளது. சில முளைத்தும் இருக்கின்றன.

இவை எல்லாம் ஒரே நோயா? மீதிக் காயைக் காப்பாற்ற முடியுமா? உரக்கடையில் பூச்சிமருந்துத் தூளை அடுக்குக்கு அடுக்கு தூவச் சொல்கிறார்கள்; பக்கத்துத் தோட்டத்து அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் வைக்கச் சொல்கிறார். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று தெரியவில்லை.

செட்டிகுளத்து விவசாயி (பதில்)

தம்பி, முதலில் இன்றே தார்பாயை எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். வெங்காயம் பிடுங்கிய பிறகும் மூச்சுவிடுகிற பொருள். அது வெளிவிடும் வெப்பமும் ஈரமும் கீற்றின் இடுக்கு வழியாக வெளியேறிவிடும்; தார்பாயில் முட்டினால் இரவில் நீராகி அந்தக் காயின் மேலேயே சொட்டும். சாரலுக்குப் பயந்து நீங்கள் கட்டிய பாய், சாரலைவிட அதிக ஈரத்தை உள்ளே தேக்கியிருக்கும்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் பட்டறையின் அகலத்தை 4 அடிக்கு மேல் போக விடமாட்டோம். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அகலம் கூடினால் நடுக்காய்க்குக் காற்று எட்டாது. அடித்தளம் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வரிசைக் கல் போதாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது திசை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்காகப் பட்டறையின் நீளம் அமைய வேண்டும். உங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து அவ்வளவு காற்று வீசுகிறது. அந்தக் காற்றைச் சுவரால் மறைத்து, பட்டறையையும் கிழக்கு மேற்காக நீட்டியிருக்கிறீர்கள். வடக்கு தெற்காக, வெட்டவெளியில் போட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

இரண்டு விவரம் சொல்லுங்கள். பட்டறை போடும்போது காயின் கழுத்து, அதாவது தாள் காயோடு சேரும் இடம், சருகாகக் காய்ந்திருந்ததா? கடைசியாக எப்போது யூரியா கொடுத்தீர்கள், எப்போது தண்ணீரை நிறுத்தினீர்கள்?

பொங்கலூர்த் தோட்டம்

ஐயா, தார்பாயை எடுத்துவிட்டோம். உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் இருந்தன. மழை மேகம் கூடியதால் வயலில் இரண்டு நாள் மட்டுமே காயவைத்துப் பட்டறை போட்டோம். தாள் மேலே காய்ந்திருந்தாலும் கழுத்தில் சிறிது பச்சை இருந்தது. சொட்டுநீர் வழியாக நட்ட ஐம்பதாம் நாள் வாக்கில் யூரியா விட்டோம். பிடுங்குவதற்கு எளிதாக இருக்கும் என்று, பிடுங்கும் முன்பும் ஒரு தண்ணீர் விட்டோம்.

தோட்டக்கலைப் பட்டதாரி (பதில்)

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஒரே நோயைச் சேர்ந்தவை அல்ல. நாற்றத்தோடு கொழகொழப்பது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். அது பெரும்பாலும் காயாத கழுத்து வழியாகவோ, பிடுங்கும்போதும் கொட்டும்போதும் பட்ட காயத்தின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. கரித்தூள் போன்றது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சை; வெப்பமும் ஈரப்பதமும் ஒருசேர மிகும் இடத்தில் அது வேகமாகப் பரவும். இவற்றோடு இன்னொன்றையும் பாருங்கள். சில காயை நெடுக்காக அறுத்து, வேர் முளைக்கும் அடித்தட்டு பழுப்பேறி, அங்கே வெண்பூஞ்சை தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அது ஃபியுசேரியம் என்னும் பூஞ்சை உண்டாக்கும் அடியழுகல். அது பட்டறையில் பிறப்பதில்லை. வயலிலிருந்தே காயோடு வருகிறது.

முளைத்திருக்கும் காயில் வெள்ளை வேரும் புதிதாக விட்டிருந்தால், உள்ளே ஈரப்பதம் அதிகமாக இருந்தது என்று பொருள். வேர் இல்லாமல் முளை மட்டும் வந்திருந்தால், காயின் உறக்க காலம் முடிகிறது என்று கொள்ளலாம்.

நட்ட முப்பதாம் நாளோடு தழைச்சத்து மேலுரத்தை முடித்துவிட வேண்டும். பிந்திக் கொடுக்கும் யூரியா கழுத்தைத் தடிக்கச் செய்கிறது; தடித்த கழுத்து எளிதில் காய்ந்து மூடாது. பிடுங்குவதற்கு ஏறத்தாழ பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துவதும் அதே காரணத்துக்காகத்தான். மண் இறுகியிருந்தால் பிடுங்கச் சிரமந்தான், ஆனால் அந்தச் சிரமத்தைத் தவிர்க்க விடும் கடைசித் தண்ணீர் பட்டறையில் இழப்பாகத் திரும்பி வருகிறது. வயலில் மூன்று முதல் ஐந்து நாள், ஒரு வரிசையின் காயை அடுத்த வரிசையின் தாள் மூடும்படி பரப்பி, வெயில் நேராகக் காயில் படாமல் உலர்த்த வேண்டும். அதன்பின் காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். கழுத்தை விரலால் நசுக்கினால் ஈரம் தெரியாமல் சருகு ஒலிக்க வேண்டும். மழை மிரட்டினால் கூரைக்குக் கீழே கொண்டுபோய் இதே உலர்த்தலைத் தொடரலாமே தவிர, பட்டறையை முன்கூட்டிப் போடக் கூடாது.

இப்போதைக்குப் பட்டறையை முழுவதும் பிரித்துவிடுங்கள். கொழகொழத்தவற்றையும், அவற்றின் நீர் பட்ட காயையும் முதலில் அகற்றுங்கள். மீதியைக் கொட்டகையின் நிழலில், இரண்டு மூன்று காய் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தேவையானால் மின்விசிறி வைத்து உலர்த்துங்கள். கழுவ வேண்டாம். உலர்ந்ததும், கழுத்து தடித்தவற்றையும் காயம் பட்டவற்றையும் உடனே விற்றுவிட்டு, கழுத்து நன்றாக மூடிய நடுத்தரக் காயை மட்டும் மறுபடி பட்டறை போடுங்கள்.

பொள்ளாச்சி வணிகர் (பதில்)

கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம் 10 முதல் 20 டிகிரி வரையான வெப்பநிலையில்தான் மிக வேகமாக முளைக்கும். காய்கறிகளை வைக்கும் பொதுக் கிடங்குகள் பல அந்த அளவில்தான் ஓடுகின்றன. ஈரப்பதமும் அங்கே மிகுதி. குளிரில் வைப்பதானால் 0 முதல் 2 டிகிரியும், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும்; வெளியே எடுத்த உடன் வியர்க்காமல் படிப்படியாக வெப்பநிலையை உயர்த்தவும் வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது என்பது என் கருத்து. நம் சூழலில் 25 முதல் 30 டிகிரி வரை, உலர்ந்த காற்றோடு இருக்கும் நல்ல பட்டறையே போதுமானது.

தோட்டக்கலைப் பட்டதாரி

ஆம், அதுவே சரி. தூள் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. விற்பனைக்கும் சமையலுக்கும் போகும் காயின்மேல் பூச்சிமருந்துத் தூளைத் தூவவே கூடாது. உங்கள் பட்டறையில் உள்ளவை பாக்டீரியாவும் பூஞ்சையும். பூச்சிமருந்து அவற்றை ஒன்றும் செய்யாது, உண்பவருக்குத்தான் கேடு.

சென்னை வாசகி (கேள்வி)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கடையில் வாங்கும் வெங்காயத்திலும் அந்தக் கறுப்புத் தூள் இருக்கிறது. அதைச் சமைக்கலாமா?

தோட்டக்கலைப் பட்டதாரி

கறுப்பு வெளித்தோலில் மட்டும் இருந்தால், அந்தத் தோலை உரித்து, ஓடும் நீரில் கழுவிப் பயன்படுத்தலாம். சதைப்பற்றான உள்ளடுக்கு வரை கறுத்திருந்தாலோ, மென்மையாகி நாற்றம் வந்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். வீட்டில் பாலித்தீன் பையிலும் உருளைக்கிழங்குக் கூடையிலும் வைக்காமல், வலைப்பையில் தொங்கவிடுங்கள்.

பொங்கலூர்த் தோட்டம்

முழுவதும் பிரித்துப் பரப்பிவிட்டோம். அறுத்துப் பார்த்த காய்களில் சிலவற்றில் அடித்தட்டு பழுப்பாக இருக்கிறது. இவற்றோடு கிடந்த நல்ல காயை விதைக்காக வைக்கலாமா?

செட்டிகுளத்து விவசாயி

அடித்தட்டு பழுப்பேறிய காய் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று தெரிந்தால், அந்தப் பாத்தியின் காய் முழுவதையும் விதைக்கு ஒதுக்காமல் இப்போதே விற்றுவிடுங்கள். தெரியாவிட்டால், விதைக்காயை வேறு தோட்டத்தில் வாங்குவதே நல்லது. செலவு கூடினாலும் நான் அதைத்தான் செய்வேன்.

தோட்டக்கலைப் பட்டதாரி

நானும் அதையே பரிந்துரைக்கிறேன். எங்கே வாங்கினாலும் நடும் முன் கிலோ காய்க்கு, நோயை அடக்கும் நுண்ணுயிரிகளான டிரைக்கோடெர்மா விரிடி 5 கிராம், சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் 5 கிராம் கலந்து நேர்த்தி செய்யுங்கள். அழுகிய கழிவை எருக்குழியிலோ வயல் வரப்பிலோ கொட்டாமல், தோட்டத்துக்கு வெளியே ஆழமாகக் குழியெடுத்துப் புதைத்துவிடுங்கள். ஃபியுசேரியம் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் என்பதால், அந்த வயலில் ஐப்பசிக்கு வெங்காயத்தை விட்டுச் சோளமோ மக்காச்சோளமோ போடுவது பொருத்தமாக இருக்கும்.