வகுப்பைக் குறைத்துவிட்டு மூத்த ஆபரேட்டர்களையே கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படி அமைப்பது?

ஷிஃப்ட்_பி கேட்டது:

வணக்கம். சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும்) மெஷின்கள் உள்ள பிரிவு, மூன்று ஷிஃப்ட், மொத்தம் 40 ஆபரேட்டர்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு இதுவரை மூன்று நாள் வகுப்பு, ஸ்லைடு, கடைசியில் ஒரு எழுத்துத் தேர்வு. தேர்வில் எல்லாரும் தேறிவிடுகிறார்கள்; மெஷின் முன் நின்றால் கை ஓடுவதில்லை. இனி வகுப்பு அரை நாள்தான், மீதியை லைனில் இருக்கும் மூத்தவர்களே சொல்லிக்கொடுக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் "பக்கத்தில் நின்று பார்த்துக்கோ" என்பதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு நேரம் ஒதுக்குவது? கற்றுக்கொண்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூத்தவர்களின் குறுக்குவழிகளும் சேர்ந்தே பரவுமே, அதை என்ன செய்வது?

கடைசல்காரர்:

"பார்த்துக்கோ" என்பது பயிற்சி அல்ல. பார்ப்பவருக்குக் கை அசைவுதான் தெரியும், எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பது தெரியாது.

இதற்கான முறை பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் நடந்தது. அனுபவமே இல்லாதவர்களை ஆலைகளில் வேகமாகத் தயார் செய்ய வேண்டிய நெருக்கடி. அதில் வந்த நான்கு படிகள் இன்றும் போதும்: கற்பவரைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, அவரைச் செய்யவிடு, பிறகு தொடர்ந்து கவனி.

அதற்கு முன் ஒரு தாள் வேண்டும். மூன்று நெடுவரிசை: முக்கியப் படி, கவனிக்க வேண்டிய இடம், ஏன். இன்சர்ட் (உலோகத்தைச் சீவும் சிறிய வெட்டு முனை) மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "பழைய இன்சர்ட்டை எடு" ஒரு படி. "உட்காரும் இடத்தைத் துடை" அடுத்தது. கவனிக்க வேண்டியது, சிப் (உலோகச் சீவல்) ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. ஏன் என்றால், இருந்தால் இன்சர்ட் சாய்ந்து உட்காரும், அளவு நிற்காது, உடையவும் செய்யும். அடுத்து "புதியதை வை": திருகு முடுக்கும்போது விரலால் பாக்கெட்டின் (அது உட்காரும் குழியின்) சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். கடைசியில் "ஆஃப்செட்டைப் பார்" (மெஷினில் பதிந்திருக்கும் அளவுத் திருத்தம்): தேய்ந்த இன்சர்ட்டுக்காகக் கொடுத்த திருத்தம் அப்படியே இருந்தால் முதல் பீஸின் வெளிவிட்டம் குறைந்து ஸ்க்ராப் ஆகும். ஸ்லைடில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வரிதான்.

தாளை ஆபீஸ் மேசையில் எழுதாதீர்கள். மெஷின் அருகில், ஒருவர் செய்ய இன்னொருவர் எழுத வேண்டும். ஒரு பாடத்தில் ஆறேழு படிக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள்.

செய்துகாட்டுவது மூன்று தடவை. முதலில் படிகளை மட்டும் சொல்லி, அடுத்து கவனிக்க வேண்டியவற்றையும் சேர்த்து, மூன்றாவதாகக் காரணங்களோடு. பிறகு அவர் செய்ய வேண்டும்: முதல் தடவை பேசாமல், தவறினால் உடனே நிறுத்தித் திருத்துங்கள். அடுத்தடுத்த தடவைகளில் படி, கவனம், காரணம் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டு செய்யட்டும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாதவரும் தலையாட்டத்தான் செய்வார்.

அளவுகோல்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆள் தேர்வில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். லைனிலேயே கெட்டிக்காரர் யாரோ அவரை நிறுத்திவிடுவார்கள். அவர் கை தானாக ஓடும், எதைச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதனால் சொல்ல வராது.

ஸ்டான்ஃபோர்டில் 1990-இல் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை இதற்குப் பொருத்தம். பிரபலமான பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல்தான்.

ஆகவே அடிப்படைகளுக்கு ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவர் போதும். தான் எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. சத்தம் மாறுவது, பரப்பில் கோடு விழுவது, அளவு மெல்ல நகர்வது போன்ற கோளாறுகளைக் கண்டறிவதற்கு 15 ஆண்டுக்காரரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காசு. பீஸ் கணக்கில் இன்சென்டிவ் இருந்தால், கற்றுக்கொடுப்பவர் தன் சம்பளத்தில் கை வைத்துத்தான் கற்றுக்கொடுக்கிறார். இரண்டாம் நாளே "நீ ஓரமா நில்லு" என்பார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அவருடைய டார்கெட்டை முதல் வாரம் பாதியாகவும் இரண்டாம் வாரம் முக்காலாகவும் குறைத்து, இன்சென்டிவை அவருடைய முந்தைய சராசரிப்படி கொடுங்கள். ஒருவரிடம் ஒரே நேரத்தில் ஒரு புதியவர், மிஞ்சினால் இரண்டு. இதற்கு நிர்வாகம் ஒப்பாவிட்டால் திட்டத்தையே தொடங்காதீர்கள் என்பேன்.

நிர்வாகத்திடம் பேசும்போது, கற்பதில் 70% வேலையில், 20% பிறரிடமிருந்து, 10% வகுப்பில் என்னும் 70-20-10 விகிதத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 1980-களில் வெற்றிகரமான மேலாளர்களிடம் 'எதிலிருந்து கற்றீர்கள்' என்று நினைவுகூரச் சொல்லிக் கேட்டதிலிருந்து கிளைத்த எண் அது. யாரும் அளந்து பார்த்ததல்ல. லேத் ஆபரேட்டருக்கு அது எதையும் நிரூபிக்காது.

மூன்றாம்_மேசை:

குறுக்குவழி பற்றி: மூன்று ஷிஃப்டிலும் கற்றுக்கொடுப்பவர்களை ஒரே மெஷின் முன் நிறுத்தி ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள். வேறுபாடு நிச்சயம் இருக்கும். எல்லாவற்றையும் தப்பென்று ஒதுக்காதீர்கள். சில குறுக்குவழிகள் தாளில் இருப்பதைவிட நல்ல முறையாக இருக்கும். தீர்ப்பைப் புராசஸ் இன்ஜினியர் சொல்லட்டும். ஏற்றது தாளில் ஏற வேண்டும், ஏற்காததற்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். காரணம் சொல்லாமல் தடைசெய்தது சூப்பர்வைசர் திரும்பியதும் மறுபடி வந்துவிடும்.

கற்றுக்கொடுத்தவரே தேர்ச்சி போடக் கூடாது, வேறு ஷிஃப்ட் ஆள் பார்க்கட்டும். ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு தெரியும் என்ற அட்டவணை) வட்டத்தின் நான்கு கால் பகுதிகள்: கற்கிறார், மேற்பார்வையில் செய்கிறார், தனியே செய்கிறார், கற்றுக்கொடுக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள். ஆறு மாதம் அந்த மெஷினைத் தொடாதவருக்கு ஒரு கால் குறைய வேண்டும். தேதி இல்லாத மேட்ரிக்ஸ் ஆடிட்டுக்குச் சுவரில் தொங்கும் படம், அவ்வளவுதான்.

ஃபோர்க்லிஃப்ட், மின்வேலை, மெஷினைப் பழுதுபார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது ஆகியவற்றை இந்தத் திட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். முறையான தகுதி பெற்ற பயிற்சியாளர்தான் அவற்றுக்கு. அங்கே ஒரு குறுக்குவழி பரவினால் போவது ஸ்க்ராப் அல்ல, ஆள்.

நிரல்வாசி:

நான் மென்பொருள் பக்கம், ஆனால் ஒன்று உங்களுக்கும் பொருந்தும். ஜோடியாக நிரல் எழுதும்போது ஒருவர் விசைப்பலகையில், மற்றவர் வழிகாட்ட, 20-30 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம். மாறாவிட்டால் தெரிந்தவரே தட்டிக்கொண்டிருப்பார், புதியவர் பார்வையாளர் ஆகிவிடுவார். அங்கேயும் கருவி யார் கையில் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, கோளாறு தீர்க்கும் அறிவு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் காப்பியர் பழுதுபார்ப்பவர்களோடு மானிடவியலாளர் ஜூலியன் ஓர் கூடவே சுற்றிப் பார்த்தார். கையேட்டில் இல்லாத தீர்வுகள் அவர்களுடைய பேச்சில்தான் கைமாறின. பின்பு 1990-களில் அதே நிறுவனத்தில் 'யுரேகா' என்ற குறிப்புத் தொகுப்பு வந்தது. டெக்னீஷியன் எழுதுவார், அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு வெளியாகும். உங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகமே போதும்: அறிகுறி, காரணம், செய்தது, பெயர், தேதி. வீடியோ எடுத்தால் மூன்று நிமிடத்துக்குள். நீளமானதை யாரும் பார்ப்பதில்லை, முறை மாறினால் யாரும் திருத்துவதுமில்லை.

ஷிஃப்ட்_பி:

மிக்க நன்றி. இரவு ஷிஃப்டில் ஆள் குறைவு, அங்கே புதியவரைப் போடலாமா?

கடைசல்காரர்:

முதல் இரண்டு வாரம் வேண்டாம். அளவு பார்க்க ஆள் இருக்காது, சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்காது. மேட்ரிக்ஸில் மூன்றாவது கால் நிரம்பிய பிறகு, தாள் எழுதி முடிந்த மெஷினில் மட்டும் போடுங்கள். முதல் பீஸை அடுத்த மெஷின்காரர் அளந்து கையெழுத்திட்ட பிறகே லாட்டைத் தொடர வேண்டும்.

மூன்றாம்_மேசை:

அந்த அடுத்த மெஷின்காரருக்கும் டார்கெட்டில் பத்து நிமிடம் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அளக்காமலே கையெழுத்து விழும்.