நாலு வயசுப் பிள்ளைகளுக்குக் கடல் ஆமையையும் ஆவுளியாவையும் எப்படிச் சொல்லிக் கொடுக்க?

பனைநார்:
உவரிப் பக்கம் ஒரு பால்வாடி. 22 பிள்ளைகள், மூணரை முதல் அஞ்சு வயசு வரை. பாதிப் பேர் கடலுக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைகள், மீதி தேரிப் பக்கம், அதாவது செம்மணல் மேட்டுப் பக்கம். அழிஞ்சிட்டு வர்ற கடல் உயிர்களைப் பத்தி ஒரு வாரம் நடத்தணும். மூணு இடத்துல மாட்டுது. ஆவுளியாவைக் கடல் பசுன்னு சொன்னதும் கொம்பும் மடியும் போட்டு வரையுதுங்க. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு ஆச்சி சொன்னா"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சா எல்லாம் சேர்ந்துக்கிடுது. வலையில ஆமை சாகும்னு சொன்னா, "எங்க அப்பா கெட்டவரா டீச்சர்"ங்குது. செலவில்லாம, கையால செய்ற மாதிரி வழி இருந்தா சொல்லுங்க.

தேரிமணல்:
டீச்சர், ஒரு வாரத்துல பத்து உயிரைக் காட்டினா ஒண்ணும் நிக்காது. பங்குனி ஆமைங்கிற கடல் ஆமை, ஆவுளியா ரெண்டும் போதும்.

ஆமைக்கு முட்டையில இருந்து ஆரம்பிங்க. ஒரு தடவைக்கு நூறு, நூத்திப் பத்து முட்டை இடும். ஒவ்வொரு பிள்ளையும் எலுமிச்சம்பழ அளவுல அஞ்சு களிமண் உருண்டை உருட்டினா 110 வந்துரும். தேரி மண் வேண்டாம், அதுல பசை கிடையாது, உதிர்ந்துரும். குளத்துக் களிமண் எடுத்து நிழல்ல காய வைங்க. வெயில்ல வச்சா வெடிச்சிரும்.

குழி குடம் மாதிரி இருக்கணும்: வாய் குறுகல், அடி அகலம், ஆழம் ஒன்றரை அடி. காய்ஞ்ச மணல் சரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால முந்தின நாள் சாயங்காலமே தண்ணி ஊத்தி ஊற விடுங்க. ஆமை பின்துடுப்பாலதான் தோண்டும், குழியைத் திரும்பிப் பார்க்காது. பிள்ளைகளையும் குழிக்கு முதுகு காட்டி உட்கார வச்சு, சிரட்டையால பின்பக்கமா மண்ணை அள்ளச் சொல்லுங்க. ரெண்டு கை அள்ளினதுமே அது எவ்வளவு பாடுன்னு தெரிஞ்சிரும். முட்டையை அடுக்கி, மூடி, மேல தட்டிவிடட்டும். அன்னைக்கே உருண்டைகளை எடுத்து ஓலைப்பெட்டியில வச்சிருங்க, ஈர மணல்ல கிடந்தா கரைஞ்சிரும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். காலண்டர்ல தினம் ஒரு பிள்ளை கோடு போடட்டும்.

"அம்மா எங்க போச்சு"ன்னு கட்டாயம் கேட்கும். விட்டுட்டுப் போயிருச்சுன்னு சொல்லிராதீங்க, சில பிள்ளைக்கு அழுகை வந்துரும். மணல் சூட்டுல குஞ்சு வளரட்டும்னு பத்திரமா மூடி வச்சிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. உள்ளதும் அதுதான்.

ஆச்சி சொன்னதை மறுத்துப் பேச வேண்டாம். அந்தப் பழமொழியில முதல்ல இருந்தது ஆமை இல்ல, ஆம்பின்னு சொல்றவங்க உண்டு. ஆம்பின்னா காளான்; ஈரம் ஏறிக் காளான் பூத்த வீடு. பிள்ளைகிட்ட அவ்வளவு விளக்கம் எதுக்கு? "கடல் ஆமைக்குக் காலே கிடையாது, துடுப்புதான். அது வீட்டுக்குள்ள எப்படி வரும்?"னு திருப்பிக் கேளுங்க.

கரைவலை:
அப்பா விஷயத்தை விட்டுராதீங்க, அதுதான் முக்கியம். அப்பா மீனுக்குத்தான் வலை விரிக்கிறார், ஆமைக்குன்னு இல்ல. ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மளை மாதிரி மேல வந்துதான் மூச்சு விடணும். வலைக்குள்ள மாட்டினா மேல வர முடியாது, அவ்வளவுதான் நடக்குது. பாக் விரிகுடாவில வலையை அறுத்து ஆவுளியாவைக் கடல்ல விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கு. முதல்ல அதைச் சொல்லுங்க.

பிறகு காப்பாத்துற விளையாட்டு. அசைவில்லாம வலையில ஏறுற ஆமை எல்லாமே செத்தது கிடையாது. துணி ஆமை ஒண்ணை வச்சுச் செஞ்சு காட்டுங்க: வயிறு கீழ இருக்கணும். பின்பக்கத்தை அரை அடி உயரத்துல முட்டுக் கொடுத்தா நுரையீரல் தண்ணி வடியும். நிழல்ல வச்சு, ஈரத்துணி போடணும், மூக்கை மூடிரக் கூடாது. தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். அசைவில்லைன்னு உடனே கடல்ல போட்டா மூழ்கிச் செத்துரும். மல்லாக்கப் போடுறதும் தப்பு. பிள்ளை வீட்டுக்குப் போய் இதை அப்பாகிட்ட செஞ்சு காட்டும், நீங்க வேணா பாருங்க.

கடற்புல்:
கடல் பசுங்கிற பேரை முதல் நாள் எடுக்கவே எடுக்காதீங்க. ஆவுளியான்னே சொல்லுங்க, கொம்பு போயிரும். களிமண்ணைச் சீனிக்கிழங்கு மாதிரி உருட்டி, மூக்கைக் கீழ் நோக்கி வளைச்சு, பனை ஓலையில ரெண்டு துடுப்பும் ஒரு வாலும் வெட்டிச் செருகினா உருவம் வந்துரும். பின்னங்கால் கிடையாது. நெட்ல படம் எடுக்கும்போது கவனம்: வட்ட வால் உள்ளது மானட்டிங்கிற வேற உயிர், அது நம்ம கடல்ல இல்ல. ஆவுளியாவோட வால் திமிங்கலத்துக்கு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். பால் கொடுக்கும், ஆனா காம்பு துடுப்புக்குக் கீழ அக்குள் பக்கம்.

மூணு மீட்டர் கயிறு ஒண்ணைத் தரையில போட்டு வரிசையாப் படுக்க வைங்க, அளவு புரியும். அழிவுங்கிறதுக்குப் புளியங்கொட்டை போதும். வீட்டு ஆடு வருசா வருசம் குட்டி போடும். ஆவுளியா 13 மாசம் சுமந்து ஒரே குட்டி, அடுத்ததுக்கு மூணு முதல் ஏழு வருசம். ஆட்டு வரிசையில கொட்டை ஏறிக்கிட்டே போகும், ஆவுளியா வரிசையில ஒண்ணு கிடக்கும். அந்த ஒண்ணை நீங்க எடுத்துட்டுப் பேசாம இருங்க. உவரிக் கடல்ல காட்டுறேன்னு மட்டும் சொல்லிராதீங்க. அது கடற்புல் மேயும், புல்வெளி உள்ள ஆழமில்லாத கடல் வேணும். 2022ல அதுக்குன்னு காப்பகம் அறிவிச்சதும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையிலதான்.

பனைநார்:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு. ஆமை கேரி பேக்கைச் சொறி மீன்னு (ஜெல்லி மீன்) நினைச்சுத் தின்னுருதுன்னு காட்டத் தண்ணியில பையைப் போட்டா, மேலயே மிதக்குதே?

தேரிமணல்:
அந்தப் பை தண்ணியை விட லேசு, உள்ள காத்தும் நிக்குது. கலரில்லாத மெல்லிய பையில ஒரு சாண் சதுரம் வெட்டுங்க. நடுவுல புளியங்கொட்டை அளவுக் கூழாங்கல்லை வச்சு, குடை மாதிரி நூலால கட்டுங்க. கீழ தொங்குறதை எட்டு, பத்து கீற்றா கிழிச்சு விடுங்க. ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி உள்ள தள்ளி மூடியை இறுக்கிருங்க. மெதுவா இறங்கணும், விழுந்து அடியில படுத்தா கல் பெருசு. பாட்டிலுக்குள்ள இருக்கறதால பிள்ளைக பையை முகத்துல மாட்டுற பயமும் இல்ல. நிஜச் சொறியைக் கரையில இருந்து எடுத்துட்டு வந்துராதீங்க, செத்துக் கிடந்தாலும் சுணை இருக்கும், பட்டா கை தடிச்சிரும்.