செடிக்கு நுரையீரல் இல்லை, நெஞ்சு ஏறி இறங்குவதும் இல்லை; அப்புறம் காற்றை உள்ளே இழுப்பது யார்?

கேட்டவர்: தாழ்வாரம்

மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து உயிரியலில் சுவாசம் பற்றிய பாடத்தைப் படித்தோம். மனிதனைப் பற்றிய பகுதி தடையில்லாமல் போனது. உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலே எழும்புகின்றன, நெஞ்சுக்குள் இடம் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நுழைகிறது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தே புரிந்துகொண்டாள். அடுத்தது செடிகள். "இலைத்துளைகள் வழியாக வாயுப் பரிமாற்றம் நடைபெறுகிறது" என்று ஒரே வரி. அவள் கேட்டாள்: "அங்கே யார் இழுக்கிறார்கள்? இலை என்ன விரிந்து சுருங்குகிறதா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அதோடு இன்னொன்று. பகலில் செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனைத் தருகிறது, இரவில் அப்படியே மாற்றிச் செய்கிறது என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். நானும் அப்படித்தான் படித்தேன். அப்படியானால் பகல் முழுக்கச் செடி சுவாசிப்பதே இல்லையா? சுவாசிக்காமல் அத்தனை மணி நேரம் ஓர் உயிர் எப்படி இருக்கும்?

கடைசியாக, அவள் படுக்கும் அறையில் மூன்று தொட்டிச் செடிகள் இருக்கின்றன. ராத்திரியில் அவற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதில் உண்மை உண்டா? மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி, அதை மழுப்ப எனக்கு மனமில்லை.

பதில்: கரும்பலகை

யாரும் இழுப்பதில்லை என்பதுதான் பதில். அதைப் பாடத்தில் ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

மூடிய ஒரு சிறு டப்பாவின் ஒரு மூலையில் வாசனைத் திரவியத்தை ஒரு துளி விட்டால், உள்ளே காற்றே அசையாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் எதிர் மூலைக்கு மணம் வந்துவிடும். செறிவு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவுகின்றன, இதற்குப் பெயர் விரவல். இலைக்குள் நடப்பதும் இதுவே. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம். வெயில் பட்டதும் பச்சையமுள்ள செல்கள் உள்ளே இருப்பதைப் பிடித்துப் பயன்படுத்திவிடுவதால் இலைக்குள் அதன் அளவு வெளியே இருப்பதைவிடக் குறைகிறது. அந்தக் குறைவுதான் "இழுக்கிறது", வேறு எந்த இயந்திரமும் அங்கே கிடையாது. ஆக்சிஜன் உள்ளே உற்பத்தியாகிக் கூடுவதால் அது வெளிப்பக்கமாக நகர்கிறது. ஒரே துளை, ஒரே நேரம், ஒவ்வொரு வாயுவும் தன் தன் சரிவில் போகிறது.

இது போதுமா என்றால், இலைக்குப் போதும். பெரும்பாலான இலைகளின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதிலும் அடிப்பகுதி பஞ்சு மாதிரி, செல்களுக்கு நடுவே காற்று இடைவெளிகளோடு இருக்கிறது. துளையைத் தாண்டிய வாயு அந்த இடைவெளிகளின் வழியே காற்றாகவே ஓடி, ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் வந்துவிடுகிறது. காற்றில் வாயு விரவும் வேகம் நீரில் விரவுவதைப் போலப் பத்தாயிரம் மடங்கு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளிகள் எதற்கு என்று புரியும்.

இப்போது மகளிடம் நுரையீரலுக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். நெஞ்சு விரிவது காற்றை உள்ளே கொண்டுவருவதற்கு மட்டும்தான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி பிரிந்து, இப்படிச் சுமார் 23 முறை கிளைத்த பிறகு நுண்ணறைகள் என்ற மிகச் சிறிய காற்றுப்பைகள் வருகின்றன. 30 கோடிக்குக் குறையாத நுண்ணறைகள், விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். கடைசிக் கிளைகளை நெருங்கும்போது காற்றோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும், அங்கிருந்து ஆக்சிஜன் போவது விரவலால்தான். நுண்ணறையின் சுவரும், அதை ஒட்டி ஓடும் தந்துகி என்ற மிக மெல்லிய ரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தே ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, குறைவு. திரும்பி வரும் ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம், நுண்ணறையில் 100-ஐ ஒட்டி. இந்த வித்தியாசம் போதும், ஆக்சிஜன் தானாகக் கடந்து ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியைக் கடக்க முக்கால் நொடி ஆகும், முதல் கால் நொடியிலேயே சரக்கு ஏறி முடிந்துவிடும்.

ஆக, பரிமாற்றம் நடக்கும் அந்த நொடியில் இலையிலும் நம்மிலும் ஒரே வேலை, விரவல். நாம் தடித்த உடம்பு, வேகமாக எரிபொருளை எரிப்பவர்கள், நம் கால் விரலுக்கு நெஞ்சிலிருந்து விரவலால் ஆக்சிஜன் போக வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்காகும். அதனால் மூச்சுத் தசைகளும் இதயமும் ரத்தமும் தேவைப்படுகின்றன. இலை அந்தத் தேவையே வராத அளவுக்கு மெல்லியதாக இருந்துகொள்கிறது.

இரவு பகல் விஷயம்: குழப்பத்துக்குக் காரணம் "சுவாசம்" என்ற சொல்லை நாம் இரண்டு வேலைக்கும் வைத்திருப்பது. மூச்சுவிடுவது ஒன்று. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றல் எடுப்பது வேறொன்று. செடி முதலாவதைச் செய்வதில்லை, இரண்டாவதை 24 மணி நேரமும் நிறுத்தாமல் செய்கிறது. பகலில் அதோடு ஒளிச்சேர்க்கையும் சேர்ந்துகொள்கிறது, அது பல மடங்கு பெரிய கணக்கு என்பதால் வெளியே நிற்பவருக்கு ஆக்சிஜன் வருவது மட்டுமே தெரிகிறது. வரவு செலவு மாதிரிதான், வரவு மிகுந்த நாளிலும் செலவு நடந்துகொண்டேதான் இருக்கும். விடியலிலும் அந்தியிலும் மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் சமமாகிற ஒரு கட்டம் வரும், அப்போது இலையிலிருந்து நிகரமாக எதுவும் வருவதும் இல்லை போவதும் இல்லை. அதை ஈடுசெய் புள்ளி என்பார்கள்.

பதில்: வேர்க்கால்

மேலே அருமையாகச் சொல்லியிருக்கிறார். இலையை மட்டும் பேசி வேரை விட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஒரு செடி எனக்கு வாடிப்போனது. தொட்டி மண்ணைத் தொட்டால் ஈரம், ஆனால் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, விரலால் நசுக்கினால் தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது, அழுகல் நாற்றம். அந்த வேர் மூச்சுமுட்டிச் செத்திருந்தது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்துதான் வேருக்கு ஆக்சிஜன். அங்கே நீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் படுத்துவிடும், ஆற்றல் இல்லாமல் வேர் சாகும், அழுகல் கிருமிகளும் புகுந்துகொள்ளும், வேர் செத்தால் தண்ணீர் மேலே ஏறாது, மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். அன்றிலிருந்து தொட்டி வாங்கினால் அடித்துளையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அலையாத்தி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சேற்றுக்கு மேலே ஆணி அடித்ததுபோல் நூற்றுக்கணக்கில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை சுவாச வேர்கள். சேற்றில் ஆக்சிஜன் கிடைக்காததால் வேரே காற்றைத் தேடி மேலே வருகிறது.

பதில்: மாலைவெயில்

எல்லாம் சரி, ஆனால் படுக்கையறையில் செடி வேண்டாம் என்பதே என் கருத்து. இரவில் அது ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மூடிய அறையில் குழந்தை தூங்கும்போது எதற்கு வம்பு?

பதில்: அரைவட்டம்

மாலைவெயில், கவலை புரிகிறது, ஆனால் அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் மணிக்குச் சுமார் 20 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். ஒரு முழுச் சதுர மீட்டர் இலைப்பரப்பு, இருட்டில், அதே ஒரு மணி நேரத்தில் விடுவது பெரும்பாலும் கால் கிராமுக்கும் கீழே. மேசை மேல் வைக்கும் மூன்று தொட்டிகளின் இலைகளைச் சேர்த்தாலும் அந்த ஒரு சதுர மீட்டர் தேறுவது சந்தேகம். அதே அறையில் அம்மாவும் படுத்தால் கூடும் கார்பன் டை ஆக்சைடு, செடிகள் சேர்ப்பதைப் போல எண்பது நூறு மடங்கு. அம்மாவை வெளியே படுக்கச் சொல்வதில்லையே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் இரண்டுக்கும் சேர்த்தே தீர்வு.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாத் தளிரை வைத்து, சில நாட்கள் கழித்து அதே காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரிவதைக் காட்டினார். 1779-இல் யான் இங்கன்ஹவுஸ், அதற்கு வெளிச்சம் வேண்டும், பச்சைப் பகுதிகள் மட்டுமே அதைச் செய்யும், இருட்டில் செடிகளும் காற்றைக் கெடுக்கின்றன என்று கண்டறிந்தார். அவர் கண்டது உண்மை. அளவு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் ஊரெல்லாம் சுமந்துகொண்டு வந்துவிட்டோம்.

எதிர்ப்பக்கத்துப் பேச்சையும் நம்ப வேண்டாம், அதாவது தொட்டி வைத்தால் அறைக்கு ஆக்சிஜன் கிடைக்கும் என்பது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 350 லிட்டர் ஆக்சிஜனாவது வேண்டும், இரண்டு மூன்று தொட்டிகள் அதில் துளியும் ஈடுகட்டாது. 1991-இல் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர், ஒரு ஹெக்டேருக்கு மேல் காடும் வயலுமாகச் செடிகளோடு அடைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 16 மாதங்களில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14-ஐ ஒட்டி இறங்கியது, கடைசியில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் சுவாசித்துத் தீர்த்திருந்தன, அவை விட்ட கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கைச் செடிகளுக்குக் கிடைக்கவிடாமல் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது.

பதில்: கரும்பலகை

இரவு என்றதும் ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். இலைத்துளை எப்போதும் திறந்தே இருக்காது. திறந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், ஆனால் நீராவி போய்விடும், ஒரு மூலக்கூறு உள்ளே வர நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்க வேண்டியிருக்கிறது. நமக்கும் இதே இழப்பு உண்டு, கண்ணாடி மேல் ஊதினால் பனிபோலப் படிவது மூச்சுப் பாதையிலிருந்து வரும் ஈரம்தான். வாயு செல்லுக்குள் நுழைய முதலில் நீரில் கரைய வேண்டும், அதனால் அந்தப் பரப்பு நனைந்தே இருக்க வேண்டும், நனைந்த பரப்பு காயத்தான் செய்யும்.

அதனால் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காப்புச் செல்கள். பொட்டாசியம் அயனிகளை உள்ளே வாங்கினால் பின்னாலேயே நீரும் வரும், செல்கள் உப்பி வளையும், நடுவில் துளை திறக்கும். அயனிகள் வெளியேறினால் தொய்ந்து மூடிக்கொள்ளும். கள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே, பகல் வெயிலில் மூடிவிட்டு ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாகச் சேமித்து மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகின்றன.

மகளுக்கு ஒரு சோதனை: தடிப்பான ஒரு பச்சை இலையைக் காம்போடு பறித்து, சுடுநீரில் கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். நீங்கள் கூடவே இருங்கள், அவள் மட்டும் செய்ய வேண்டாம்.

பதில்: தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி, சோதனையை இன்று மாலையே செய்துவிட்டோம். தண்ணீரில் அழுத்திய சில நொடிகளில் இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கடுகுபோலக் குமிழிகள் முளைத்தன, மேல்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சூட்டில் உள்ளே இருந்த காற்று விரிந்து துளை வழியாக வருகிறது, துளைகள் அடியில்தான் அதிகம் என்று அவளே சொன்னாள். பிறகு நகப்பூச்சை இலையின் அடியில் தடவிக் காயவிட்டு, ஒட்டுநாடாவால் உரித்து, அவளுடைய சிறிய நுண்ணோக்கியில் வைத்தோம். இரண்டு அவரை விதைகள் எதிரெதிரே குனிந்து நிற்பதுபோலக் காப்புச் செல்கள், நடுவே கீறல். வரிசையாக எண்ணிக்கொண்டே போனாள். தொட்டிகள் அவள் அறையிலேயே இருக்கட்டும் என்று உறவினரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது புதுக் கேள்வி: தாமரை இலை தண்ணீர் மேலேயே படுத்துக் கிடந்தால் அதன் அடித்துளைகள் என்ன செய்யும்? மரத்தின் தண்டுக்கு யார் காற்று கொடுக்கிறார்கள்?

பதில்: வேர்க்கால்

மிதக்கும் தாமரை இலைக்குத் துளைகள் மேல்பக்கத்தில். மேலே தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடுவதால் துளைகள் அடைபடுவதும் இல்லை.

மரத்தண்டுக்கு, நாளைக்கு ஒரு இளங்கிளையைப் பிடித்துப் பட்டையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பாகப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தட்டுப்படும். அவை பட்டைத்துளைகள். காப்புச் செல் கிடையாது, இலைத்துளை மாதிரித் திறந்து மூடத் தெரியாது, தளர்வாக அடுக்கிய செல்களின் இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருக்கும்.