கூரைக்குள் கார்ட் பந்தயம், குறைந்த வெளிச்சம்: படம் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேவிபட்டினம், கல்யாணப் படக்காரர்:

நம்ம கடற்கரைப் பக்கம் கேமரா பிடிக்கிறவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, சந்தனக்கூடு, இதுதான் சோறு போடுகிறது. எனக்கும் அதேதான். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, எங்க ஆபீஸ்ல கார்ட் ரேஸ் வைக்கிறாங்க, நீங்களே வந்து எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டதிலிருந்து அந்த வேலை மேல் தனி ஆசை வந்துவிட்டது. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போகிறேன். கற்றதை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதினால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவும்.

கார்ட் என்பது தரையோடு ஒட்டிய, ஒருவர் மட்டும் உட்காரும் குட்டிப் பந்தய வண்டி. அது ஓடும் தளம் ஒரு பெரிய கிடங்கு. தகரக் கூரை, கறுப்பு பெயிண்ட் அடித்த சுவர், உயரத்தில் வரிசையாக எல்இடி. கண்ணுக்கு நல்ல வெளிச்சம் போலத்தான் தெரியும். கேமராவை எடுத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 2.8 வைத்தும் ஷட்டரை (படம் பதிவாகும் நேரம்) 1/200 விநாடியை விட வேகமாக வைக்க முடியாது. வண்டிகள் பேட்டரியில் ஓடுகிறவை, இன்ஜின் சத்தம் கிடையாது. வளைவில் டயர் தேய்ந்து கீச்சென்று கத்துவதுதான் ஆள் வருகிறார் என்பதற்கு அடையாளம். அதற்குக் காது பழகிவிட்டால், திரும்பிப் பார்க்கும் முன்பே கேமரா கண்ணுக்கு வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 1/200 ஷட்டர் திறந்து மூடுவதற்குள் 5 சென்டிமீட்டர் போய்விடும். 1/1000 வைத்தால் 1 சென்டிமீட்டர், ஆனால் அதற்கு ஐஎஸ்ஓ 16000 வேண்டும், படம் முழுக்க மணல் அள்ளிப் போட்டது மாதிரி ஆகும். அதனால் வேகத்தோடு மல்லுக்கட்டுவதை விட, வேகம் குறைகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேலே.

அந்த இடம் ஹேர்பின் வளைவு, அதாவது கொண்டை ஊசி வளைவு. எந்தத் தளத்திலும் ஒன்றாவது இருக்கும். ஓட்டுகிறவர் பிரேக் போட்டு, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, தலையை வளைவின் உள்பக்கம் திருப்புவார். எனவே உள்பக்கம் நின்றால்தான் கண் தெரியும். வெளிப்பக்கம் நின்றால் ஹெல்மெட்டின் பக்கவாட்டுதான் கிடைக்கும். பாதுகாப்புக்கும் உள்பக்கம்தான் சரி, பிடி விட்ட வண்டி வெளிப்பக்கம்தான் சறுக்கும். அங்கேயும் டயர் அடுக்குக்குப் பின்னால், மார்ஷல் (தளத்தில் பாதுகாப்பைப் பார்க்கிறவர்) காட்டுகிற இடத்தில்தான் நிற்க வேண்டும்.

முதல் நாளே மார்ஷல் பையன் வந்து, "அண்ணே, பிளாஷ் மட்டும் போட்றாதீங்க, ஓட்டுறவங்களுக்குக் கண்ணு கூசிரும்" என்றான். அவன் சொல்லாவிட்டாலும் போடக் கூடாது.

அடுத்தது விளக்குத் துடிப்பு. இதைத் தெரியாமல் நிறையப் பேர் கேமராவைக் குறை சொல்கிறார்கள். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/500-இல் வரிசையாகத் தட்டினால் ஒரு படம் பளிச்சென்று, அடுத்தது மங்கலாக, இன்னொன்றில் குறுக்கே மஞ்சள் பட்டையாக வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் துடிப்பின் முழுச் சுற்றும் ஷட்டருக்குள் அடங்கிவிடும், எல்லாப் படமும் ஒரே நிறம். கேனான் 7டி மார்க் 2 வந்த 2014-லிருந்து துடிப்பைப் பார்த்துப் பார்த்துச் சுடும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு வந்துவிடுங்கள்.

1/50 என்றதும் பயப்பட வேண்டாம். பேனிங்குக்கு, அதாவது ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பதற்கு, அதுதான் ஏற்ற வேகம். வண்டி எங்கே வரும்போது அழுத்தப்போகிறோமோ, பாதம் இரண்டும் அந்தத் திசையைப் பார்க்கட்டும். இடுப்புக்கு மேலே மட்டும் வண்டி வரும் பக்கம் திரும்பி, தூரத்திலேயே ஹெல்மெட்டைப் பிடித்து, கூடவே வந்து, அழுத்தி, அழுத்திய பிறகும் நிற்காமல் கூடவே போக வேண்டும். பலர் அழுத்திய கணத்தில் நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் கலங்குகிறது. லென்ஸில் ஆட்டத் தடுப்புக்கு மோட் 2 இருந்தால் அது இதற்காகவே வைத்தது.

லென்ஸ் விஷயத்தில் கடன் வாங்காதீர்கள். 50 எம்எம் எஃப் 1.8 போதும். கேமராவோடு வரும் லென்ஸின் எஃப் 5.6-ஐ விட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் தரும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள், வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஒரே அளவில் பூட்டி வையுங்கள்.

எனக்குப் பிடித்த படம் ஓட்டத்தில் எடுத்ததே இல்லை. பந்தயம் முடிந்து வண்டிகள் பிட்டுக்குள் (வண்டிகள் வந்து நிற்கும் இடம்) ஊர்ந்து வரும்போது கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கினார். ஹெல்மெட்டுக்குள் போடும் துணித் தொப்பி வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது, மூக்கின் மேல் ஹெல்மெட் பஞ்சு அழுத்திய சிவப்புக் கோடு. இரண்டாம் இடம் வந்திருந்தார். முதலிடம் வந்தவரின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எந்த வளைவிலும் எடுத்திருக்க முடியாது. கொடி விழுந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.

கீழக்கரை, இப்போது துபாய்:

அண்ணே, நல்ல விஷயம் தொடங்கினீர்கள். இங்கே வெயில் காலத்தில் வெளியே வண்டி ஓட்ட உடம்பு தாங்காது, அதனால் கூரைக்குள் இருக்கும் தளத்தில்தான் கூட்டம். எங்க ரூம் பசங்க எல்லாம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். நான் ஓட்டுவதில்லை, எடுப்பது மட்டும்தான்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். அமீரகத்திலும் 50 ஹெர்ட்ஸ்தான், அண்ணன் சொன்ன 1/50, 1/100 அப்படியே பொருந்தும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கே தம்மாமில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) இதே அளவு வைத்து எடுத்து அனுப்பிய படமெல்லாம் பட்டை பட்டையாக இருந்தது. 1/60-க்கு மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது. நம்ம ஆட்கள் இரண்டு நாட்டிலும் இருப்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று, ஏசி. உள்ளே குளிர்ந்த கேமராவை அப்படியே வெளிப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க வரும். பையை இறுக மூடியபடி வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறக்கிறேன். ஊருக்கு லீவில் வரும்போதும் இதே கவனம் வேண்டும். கீழக்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகிறது, பீரோவுக்குள் துணிகளோடு வைத்த லென்ஸில் பூஞ்சை கோலம் போட்டுவிடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். அவ்வளவுதான் செலவு.

சாயல்குடி:

நான் கார்ட் எடுத்ததில்லை. எங்களுக்கு மாட்டு வண்டி எல்கைப் பந்தயம்தான். ஆனால் படிக்கப் படிக்க எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே வண்டிகளை ரோட்டில் நிறுத்திவிடுவார்கள். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடும்போது முதலில் கிளம்புகிறவர்களுக்கு வெளிச்சமே இருக்காது. கிழக்கே கடல் பக்கம் வானம் வெளுத்திருக்கும், ரோடு இருட்டாக இருக்கும். ஐஎஸ்ஓ 6400 வைத்துத்தான் தொடங்குவேன், கால் மணிக்கொரு தரம் குறைத்துக்கொண்டே வருவேன்.

அண்ணன் சொன்ன ஹேர்பின் வளைவு எங்களுக்கு எல்கைக் கொடி. போக ஒரு தூரம், வர ஒரு தூரம், நடுவில் கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். அங்கே மாடு வேகம் குறையும். துணைச் சாரதி குதித்து இறங்கி மாட்டோடு ஓடுவார், சாரதி கயிற்றை ஒரு பக்கம் இழுத்து உடம்பை மறுபக்கம் சாய்ப்பார். மூக்கணாங்கயிறு இறுகி மாட்டின் கழுத்து வளையும், வாயோரம் நுரை நூலாகத் தொங்கும். படம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நேர்ரோட்டில் எடுக்க வேண்டுமென்றால் பின்னால் பனை வரிசை இருக்கும் இடமாகப் பாருங்கள். பேனிங்கில் ஒவ்வொரு பனையும் ஒரு கோடாக இழுபடும்போது வேகம் கண்ணுக்குத் தெரியும். வெறும் வானம் பின்னால் இருந்தால் வண்டி நிற்கிற மாதிரியே இருக்கும்.

பிளாஷ் இங்கே அறவே ஆகாது. மாடு மிரண்டால் ஓட்டுகிறவர் உயிரும் ரோட்டோரம் நிற்கும் பிள்ளைகள் உயிரும் போகும்.

ராமநாதபுரம்:

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுக் கார் பந்தயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றரை கிலோமீட்டர் தெருச் சுற்று. வேலிக்குப் பின்னால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துதான் எடுத்தேன். விளக்குக் கோபுரங்களின் வெளிச்சம் கிடங்கில் கிடைப்பதை விடப் பல மடங்கு. தொந்தரவு கொடுத்தது வெளிச்சம் அல்ல, முன்னால் இருந்த கம்பி வலை. திறப்பை முழுதாகத் திறந்து, வலைக்கு ஒட்டி லென்ஸை வைத்துத் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் கம்பி கரைந்துவிடும். கார்ட் தளத்திலும் வலை இருக்கும், அங்கேயும் செய்து பாருங்கள்.

மண்டபம், கல்லூரி மாணவி:

அண்ணா, என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மதுரையில் பெரியப்பா மகன் பிறந்தநாளுக்கு எல்லாரும் கார்ட் ஓட்டப் போகிறோம். போனில் ஏதாவது வருமா?

தேவிபட்டினம், கல்யாணப் படக்காரர்:

வரும்மா. நைட் மோடை அணைத்துவிடு. அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, ஓடுகிற வண்டிக்கு ஆகாது. ஜூம் பண்ணாமல் முதன்மைக் கேமராவிலேயே எடு, மற்ற லென்ஸ்களை விடப் பெரும்பாலும் அதன் திறப்புத்தான் பெரிது. புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50-இல் வை, ஐஎஸ்ஓவை அதுவே பார்த்துக்கொள்ளட்டும். வளைவின் உள்பக்கம் தரையில் ஓர் இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டு. போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்போடு சேர்ந்து திரும்பு.

அதற்கு முன்னால் பழகிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு மண்டபம் மெயின் ரோட்டில் ஆட்டோக்கள் திரும்பும் முக்காகப் பார்த்து, கடைத் திண்ணையில் அம்மாவோடு நின்று எடு. ஆட்டோவின் பக்கவாட்டு எழுத்தைப் படிக்க முடிகிற மாதிரி வந்துவிட்டால் கார்ட்டுக்குத் தயார். எடுத்ததை இங்கேயே போடு, எல்லாருமாகப் பார்த்துச் சொல்கிறோம். சாயல்குடித் தம்பி, எல்கைப் பந்தயம் அடுத்து எங்கே என்று எனக்கும் சொல்லுங்கள், முதல் நாள் இரவே வந்துவிடுகிறேன்.